39 மணி நேரம் 12 நிமிடம்

போன வாரம் நைட் டியூட்டி. மணி ரெண்டரை இருக்கும்.

எஸ்.என்.சி.யு கதவுக்கு வெளியே இருக்குற பெஞ்சுல ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். (தெரியாதவங்களுக்கு: அரசு மருத்துவமனைகளில், பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கான சிறப்பு சிகிச்சைப் பிரிவு அது.) முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னார்.

"சார், ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல பொறந்தா தங்காதுன்னு சொல்றாங்களே... எம் புள்ளை எட்டுல பொறந்துருச்சு சார்."

இந்தக் கேள்வியை நான் கேக்குறது முதல் தடவை இல்ல. மாசத்துக்கு ரெண்டு பேராவது கேப்பாங்க. சொல்லி அனுப்புறது அந்த வீட்டுப் பெரியவங்களா இருப்பாங்க.

"அப்படி எதுவும் இல்லைங்க. ஏழை விட எட்டு நல்லது, எட்டை விட ஒன்பது நல்லது. வயித்துக்குள்ள இருக்குற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்"னு சொன்னேன். தலையாட்டினார். முகம் தெளியல.

உள்ளே போய் வேலையைப் பாக்குறப்ப எனக்கு இன்னொரு அப்பா ஞாபகம் வந்தார். அவருக்கும் பிள்ளை எட்டாம் மாசத்துலதான் பிறந்தது. அவரும் இப்படித்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டு நின்னார். அந்தக் கதையை இவர்கிட்ட அப்ப சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. அதனால இங்க எழுதுறேன். நீளமான இழைதான், பொறுமையா படிங்க.

அந்த அப்பா பேரு ஜான் எஃப். கென்னடி. அமெரிக்க ஜனாதிபதி.

1963 ஆகஸ்ட் 7. அப்ப கென்னடிக்கு வயசு 46. ரெண்டு நாள் முன்னாடிதான், ஆகஸ்ட் 5ம் தேதி, மாஸ்கோவில் அணுகுண்டு சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. உலகத்தையே பலமுறை அழிக்கக்கூடிய ஆயுதங்களுக்கான உத்தரவு தன் கையில் இருக்குற மனுஷன், அதைக் கொஞ்சமாவது கட்டிப்போட ஒரு கையெழுத்து வாங்கியிருந்த வாரம் அது.

அவர் மனைவி ஜாக்குலின், மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடற்கரைப் பகுதியில் இருந்தார். கர்ப்பிணி. பிரசவத்துக்கு இன்னும் அஞ்சு வாரத்துக்கு மேல இருந்தது. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் புதுசு இல்ல. 1955ல் ஒரு கரு கலைஞ்சது. 1956ல் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. 1957ல் கேரலைன் நல்லபடியா பிறந்தாள். 1960ல் ஜான் ஜூனியர், அவனும் நாள் நிறையறதுக்கு முன்னாடியே சிசேரியன். இந்த வரலாறு இருக்குற ஒரு தாய்க்கு முப்பத்தி நாலு வாரத்துல வலி வந்தா மனசு என்ன பாடு படும்னு யோசிச்சுப் பாருங்க.

காலையில வலி ஆரம்பிச்சது. ஹெலிகாப்டர்ல ஓட்டிஸ் விமானப்படைத் தள மருத்துவமனைக்குக் கொண்டுபோனாங்க. அவசர சிசேரியன். மதியம் 12.52க்கு ஆண் குழந்தை. எடை 4 பவுண்டு 10½ அவுன்ஸ், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 2 கிலோ 100 கிராம்.

2.1 கிலோ! எங்க யூனிட்ல அது பெரிய குழந்தை. 34 வாரம், 2.1 கிலோன்னு ஒரு குழந்தை வந்தா, மூச்சு நல்லா இருந்தா, பல நேரம் அம்மா பக்கத்துலயே விட்டுடுவோம்.

அன்னிக்கு நிலைமை வேற. பிறந்த கொஞ்ச நேரத்துலயே குழந்தைக்கு மூச்சு திணற ஆரம்பிச்சுது. உடனே ராணுவ முகாம் பாதிரியாரைக் கூப்பிட்டு ஞானஸ்நானம் கொடுத்து பேர் வச்சாங்க: பேட்ரிக் பூவியர் கென்னடி. பேர் வைக்க அவ்வளவு அவசரப்பட்டாங்கன்னா நிலைமை உங்களுக்கே புரியும்.

கென்னடி வாஷிங்டன்ல இருந்து பறந்து வந்தார். பிரசவத்துக்கு அவரால நேரத்துக்கு வந்து சேர முடியல. வந்ததும் குழந்தையை இன்குபேட்டர் பெட்டியோடவே தள்ளிக்கிட்டுப் போய் மனைவி கட்டில்கிட்ட காட்டினார். அதுக்கப்புறம் ஆம்புலன்ஸ். பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல.

ஜாக்குலின் அந்தக் குழந்தையை அதுக்கப்புறம் பாக்கவே இல்ல.

இதைப் படிக்கிற அரசு டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லாருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது. தாய் தாலுகா ஆஸ்பத்திரியில சிசேரியன் தையலோட படுத்திருப்பாங்க. குழந்தை 108ல மெடிக்கல் காலேஜுக்குப் போயிடும். கூட அப்பாவோ பாட்டியோ போவாங்க. அந்தத் தாய் போன்ல வர்ற "நல்லா இருக்கு"ங்கிற ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு ரெண்டு மூணு நாள் ஓட்டணும். ஜனாதிபதி மனைவிக்கும் அதேதான் நடந்தது.

சரி, குழந்தைக்கு என்ன பிரச்சினை?

நுரையீரலுக்குள்ள கோடிக்கணக்குல குட்டிக் குட்டி காற்றுப் பைகள் இருக்கு. ஒரு கேரி பேக்கை தண்ணியில நனைச்சு எடுங்க. ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும். பிரிக்கவே கஷ்டமா இருக்கும். தண்ணிக்கு இருக்குற பரப்பு இழுவிசைதான் காரணம். நம்ம காற்றுப் பைகளோட உட்புறமும் ஈரம்தான். அப்ப அது ஏன் ஒட்டிக்கல? சோப்பு மாதிரி ஒரு வஸ்துவை நுரையீரலே சுரக்குது. அதுக்கு சர்ஃபாக்டன்ட்னு பேர். அது அந்த இழுவிசையைக் குறைச்சு, மூச்சை வெளியே விட்ட பிறகும் பைகள் முழுசா சுருங்கி ஒட்டாம பாத்துக்குது.

கருவுக்குள்ள இந்தச் சுரப்பு போதுமான அளவுக்கு வர்றது தோராயமா 34, 35 வாரத்துல. அதுக்கு முன்னாடி பிறந்தா ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கிட்ட பைகளை மறுபடி மறுபடி பிரிக்கணும். புது பலூனை முதல் தடவை ஊதுறப்ப கன்னம் வலிக்குமே, அந்த முதல் ஊதல் மாதிரி ஒவ்வொரு மூச்சும். நிமிஷத்துக்கு அறுபது, எழுபது தடவை. ரெண்டு கிலோ உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

பேட்ரிக் பிறந்தது சரியா அந்த எல்லைக்கோட்டு வாரத்துல. அதோட ரெண்டு விஷயம் அவனுக்கு எதிரா இருந்தது. ஆண் குழந்தைகளுக்கு நுரையீரல் முதிர்ச்சி கொஞ்சம் தாமதம். சிசேரியன்ல பிறக்குற குழந்தைகளுக்கும் மூச்சுத் திணறல் வாய்ப்பு அதிகம்.

அந்தக் காலத்துல இதுக்கு 'ஹையலின் மெம்ப்ரேன் நோய்'னு பேர். இப்ப நாங்க ஆர்.டி.எஸ்ன்னு சொல்றோம். அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் இதுல போனாங்க. சிகிச்சை? ஆக்சிஜன் கொடு, வெதுவெதுப்பா வை, ரத்தத்துல அமிலம் ஏறாம பாத்துக்க. அவ்வளவுதான். ரெண்டு மூணு நாள் குழந்தை தாக்குப்பிடிச்சா நுரையீரல் தானே சுரக்க ஆரம்பிக்கும், பிழைச்சுக்கும். தாக்குப்பிடிக்கலைன்னா இல்ல.

ஆக்சிஜனையும் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. 1940, 50கள்ல குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைத் தாராளமா கொடுத்ததுல உலகம் முழுக்க சுமார் பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்தாங்க. பாடகர் ஸ்டீவி வொண்டர் அதுல ஒருத்தர், 1950ல் குறைமாதத்துல பிறந்தவர். இந்தச் சூடு பட்டதால அடுத்த தலைமுறை டாக்டர்கள் ஆக்சிஜன் குழாயைத் திறக்கவே பயந்தாங்க. கூடினா கண் போகும், குறைஞ்சா உயிர் போகும்.

ஆகஸ்ட் 8. கென்னடி அன்னிக்கு முழுக்க ஆஸ்பத்திரிக்கும் வெளியேயும் போய்ப்போய் வந்துக்கிட்டே இருந்தார். நடுவுல ஹெலிகாப்டர்ல போய் மனைவியையும் பாத்துட்டு வந்தார். டாக்டர்கள்கிட்ட அவர் கேட்ட கேள்வி எங்க பெஞ்சுல உட்கார்ந்திருந்தவர் கேட்டதுல இருந்து பெருசா மாறி இருக்காது. எப்படி இருக்கான்? மூச்சு பரவாயில்லையா? பொழைச்சுக்குவானா?

அன்னிக்கு மதியத்துக்கு மேல நிலைமை மோசமாச்சு. அந்த ஆஸ்பத்திரியில ஒரு பெரிய உருக்கு அறை இருந்தது. இதயத்துல ஓட்டையோட நீலம் பாரிச்சுப் பிறக்குற குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யறதுக்காக வச்சிருந்தது. உள்ளே காத்தோட அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டலாம். அழுத்தம் கூடினா ரத்தத்துல ஆக்சிஜன் அதிகமா கரையும்ங்கிற கணக்குல பேட்ரிக்கை அதுக்குள்ள வச்சாங்க. அன்னிக்கு உலகத்துல அதை விடப் பெரிய சிகிச்சை எங்கேயும் கிடையாது. கொஞ்ச நேரம் பலன் தெரிஞ்ச மாதிரி இருந்தது. ஆனா ஒட்டிக்கிட்ட பைகளை அந்த அழுத்தம் பிரிச்சுவிடல. சுத்தி இருக்குற காத்தோட அழுத்தம் உடம்புக்கு வெளியேயும் உள்ளேயும் ஒரே மாதிரி ஏறும். பிரிக்கணும்னா நுரையீரலுக்குள்ள மட்டும் அழுத்தம் கூடணும். இதை இப்ப சொல்றது சுலபம்.

அன்னிக்கு ராத்திரி கென்னடி ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். தம்பி ராபர்ட் கூட இருந்தார். அதிகாலை ரெண்டு மணி வாக்குல எழுப்பினாங்க.

அவரோட நெருங்கிய நண்பர் டேவ் பவர்ஸ் பின்னாடி நினைவுகூர்ந்த ஒரு விஷயம் இருக்கு. அந்த ராத்திரி லிஃப்டுக்காக நிக்கிறப்ப, பக்கத்து அறையில உடம்பெல்லாம் தீக்காயத்தோட ஒரு குழந்தை இருந்ததை கென்னடி பாத்தார். நர்ஸ்கிட்ட அந்தக் குழந்தையைப் பத்தி விசாரிச்சார். அதோட அம்மா தினமும் வர்றாங்களான்னு கேட்டார். பேப்பர் வாங்கி, மனசைத் தளரவிடாதீங்கன்னு அந்த அம்மாவுக்கு நாலு வரி எழுதிக் கொடுத்துட்டு தன் பிள்ளைகிட்ட போனார்.

எஸ்.என்.சி.யு வாசல்ல இதை நான் நிறைய பாத்திருக்கேன். ஒரு குழந்தையோட அப்பா, பக்கத்துக் குழந்தையோட பாட்டிக்கு டீ வாங்கிட்டு வந்து கொடுப்பார். பேர்கூடத் தெரியாது. "ரெண்டாவது பெட்டிக்காரங்க", "லைட்டுக்கு அடியில இருக்குற புள்ளையோட அம்மா" அப்படித்தான் சொல்லிக்குவாங்க.

கடைசி நேரத்துல கென்னடி குழந்தையோட விரலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார்னு உடன் இருந்தவங்க சொல்லியிருக்காங்க. ஆகஸ்ட் 9, அதிகாலை 4.04. பேட்ரிக் இந்த உலகத்துல இருந்தது 39 மணி நேரம் 12 நிமிடம். ஜனாதிபதி அழுதார்.

காலையில மனைவிகிட்ட பறந்து போனார். மறுநாள் பாஸ்டன்ல அடக்கத்துக்கு முன் நடந்த பிரார்த்தனைக்கு ஜாக்குலின் வர முடியல. சிசேரியன் ஆகி மூணாவது நாள், ஆஸ்பத்திரி கட்டில்ல.

இனிமே சொல்லப்போறதுதான் ஒரு டாக்டரா என்னை ரொம்ப உறுத்துற பகுதி.

இந்த நோய் எதனால வருதுன்னு கண்டுபிடிச்சது எந்த ஊர்ல தெரியுமா? அதே பாஸ்டன்ல. அதுவும் நாலு வருஷம் முன்னாடியே.

மேரி எலன் ஏவரின்னு ஒரு இளம் டாக்டர். மருத்துவப் படிப்பு முடிச்ச கையோட அவங்களுக்குக் காசநோய் வந்து படுத்தவங்க. நுரையீரல் மேல அவங்களுக்கு ஈடுபாடு வந்தது அதுலதான். விஷவாயு ஆராய்ச்சி செய்த விஞ்ஞானிகள் நுரையீரல் நுரையில இருக்குற குமிழி ஏன் சீக்கிரம் உடையறதில்லன்னு எழுதியிருந்ததைப் படிச்சாங்க. மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளோட நுரையீரலை எடுத்துப் பரிசோதிச்சாங்க. மத்த காரணத்தால இறந்த குழந்தைகளோட நுரையீரல்ல இழுவிசை குறைவா இருந்தது. இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் அதிகம். அந்த சோப்பு வஸ்து போதுமான அளவு இல்ல. ஜெரி மீட்ங்கிறவரோட சேர்ந்து 1959ல் கட்டுரை போட்டாங்க.

அதுவரைக்கும் எல்லாரும் நுரையீரலுக்குள்ள என்ன அடைச்சுக்கிட்டிருக்குன்னு தேடிக்கிட்டிருந்தாங்க. அங்க என்ன இல்லைன்னு தேடினது ஏவரிதான்.

ஆக, ஜனாதிபதி மகன் எதனால சாகறான்னு 1963ல் தெரியும். என்ன செய்யணும்னுதான் தெரியாது.

அந்தச் சாவு உலகம் முழுக்க முதல் பக்கச் செய்தி ஆச்சு. எத்தனையோ வீடுகள்ல சத்தமில்லாம நடந்துக்கிட்டிருந்த ஒரு விஷயத்துக்கு பத்திரிகையில பேர் கிடைச்சுது.

அடுத்து வந்தது ஒவ்வொண்ணா.

நியூசிலாந்தோட ஆக்லாந்து நகரத்துல கிரஹாம் லிக்கின்ஸ்னு ஒரு பிரசவ டாக்டர். பிரசவ வலியை எது ஆரம்பிச்சு வைக்குதுன்னு ஆடுகள்ல ஆராய்ச்சி. வயித்துக்குள்ள இருக்குற குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பாத்தார். குட்டி ரொம்பக் குறைமாதத்துல பிறந்தது. கணக்குப்படி அது பிழைக்கவே கூடாது. ஆனா காலையில வந்து பாத்தா மூச்சு விட்டுக்கிட்டிருந்தது! ராஸ் ஹவி என்ற குழந்தைகள் டாக்டரோட சேர்ந்து 282 தாய்மார்கள்கிட்ட ஆய்வு செஞ்சு 1972ல் வெளியிட்டாங்க. குறைமாதப் பிரசவம் வரும்னு தெரிஞ்சா தாய்க்கு ஊசி. குழந்தையோட நுரையீரல் வேகமா முதிரும்.

அருமையான கண்டுபிடிப்பு, உடனே எல்லாரும் போட ஆரம்பிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? இல்ல. அமெரிக்காவில் தேசிய அளவுல இதைப் பரவலாப் பயன்படுத்துங்கன்னு சொன்னது 1994ல். 22 வருஷம் கழிச்சு. இடைப்பட்ட காலத்துல பிறந்த குழந்தைகளை நினைச்சா வயிறு எரியும். இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பாத்த வரைபடம்தான் இன்னிக்கும் காக்ரேன் அமைப்போட இலச்சினை.

நம்ம நாட்டுல 2014 வழிகாட்டுதல்படி 24ல இருந்து 34 வாரத்துக்குள்ள வலி வந்தா டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒண்ணா நாலு ஊசி. மேல அனுப்புறதுக்கு முன்னாடி முதல் ஊசியை கிராம சுகாதார செவிலியரே போடலாம். விலை மிகக் குறைவு. அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன்: ஏழு, எட்டு மாசத்துல வயித்துவலி, நீர்க்கசிவுன்னா "சூட்டு வலியா இருக்கும், கஷாயம் குடி"ன்னு வீட்டுல வச்சிருக்காதீங்க. அந்த ஊசி வேலை செய்யறதுக்கு நேரம் வேணும். பிரசவ அறைக்குள்ள நுழையறப்ப வந்தா அந்த நேரம் எங்ககிட்ட இருக்காது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

மூச்சுத் திணறுற குழந்தை ஒவ்வொரு மூச்சை விடும்போதும் "ம்ஹ்... ம்ஹ்"னு முனகும். அதைக் கேட்டா ஜூனியர் டாக்டருக்கு வேர்த்துடும். அந்த முனகல் ஏன்? குழந்தை தன் தொண்டையை இறுக்கி, காத்து முழுசா வெளியே போகாம தடுக்குது. உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிக்கட்டும், பைகள் ஒட்டாம இருக்கட்டும்னு அதுவே கண்டுபிடிச்ச வைத்தியம் அது! சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மயக்கவியல் டாக்டர், குழந்தை செய்யறதை நாம செஞ்சு கொடுத்தா என்னன்னு யோசிச்சார். மூச்சுப்பாதையில தொடர்ச்சியா லேசான அழுத்தம். 1971ல் வெளியிட்டார். 20 குழந்தைகள், 16 பேர் பிழைச்சாங்க. சிபேப்னு நீங்க கேள்விப்பட்டிருக்கற சிகிச்சை அதுதான்.

எங்க யூனிட்ல வந்து பாருங்க. மூக்குல சின்னக் குழாய். இன்னொரு முனை ஒரு தண்ணி பாட்டிலுக்குள்ள அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துல முங்கியிருக்கும். குபுகுபுன்னு குமிழி வந்துக்கிட்டே இருக்கும். தண்ணியோட ஆழம்தான் அழுத்தம். ஜனாதிபதி மகனுக்கு உருக்கு அறையால கொடுக்க முடியாததை அந்தப் பாட்டில் கொடுக்குது.

அப்புறம் சர்ஃபாக்டன்ட். 1980ல் ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரல்ல இருந்து எடுத்த மருந்தைப் பத்துக் குழந்தைகளோட மூச்சுக்குழாய்ல விட்டு, நுரையீரல் விரியறதைக் காட்டினார். 1990ல் அமெரிக்காவில் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு அனுமதி கிடைச்சது. சின்ன குப்பிதான், ஆனா விலை அதிகமான மருந்து. தேவைப்படுற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில இலவசமா போடுறோம். பேட்ரிக் சாகறப்ப இதுல எதுவுமே இல்ல.

மேரி எலன் ஏவரி 1974ல் அதே பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவரா வந்தாங்க. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

இதோட நிறுத்தினா இது கருவிகளோட கதையா போயிடும். பெஞ்சுல உட்கார்ந்திருந்தவர் கதை பாக்கி இருக்கு.

1963ல் ஒரு சாதாரண அமெரிக்கப் பெற்றோருக்கு குறைமாதக் குழந்தை பிறந்தா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம். அவ்வளவுதான். கிருமி வந்துடும்னு வாரக்கணக்குல தாயைக்கூட உள்ளே விடமாட்டாங்க. கென்னடி உள்ளே போக முடிஞ்சதுன்னா அவர் கென்னடிங்கிறதால. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1890கள்ல பாரிஸ்ல பியர் புதான் என்ற டாக்டர், தாயைப் பிரிச்சு வச்சா அவளுக்குக் குழந்தை மேல ஒட்டுதலே குறையுதுன்னு கவலைப்பட்டு எழுதியிருந்தார். யாரும் காதுல போட்டுக்கல.

1960களோட பிற்பகுதியில ஸ்டான்ஃபோர்டுல மார்ஷல் கிளாஸும் கூட இருந்தவங்களும் துணிஞ்சு தாய்மார்களை உள்ளே விட்டுப் பாத்தாங்க. கை கழுவிட்டு வரட்டும், குழந்தையைத் தொடட்டும். கிருமித்தொற்று கூடல. 1970ல் அதை வெளியிட்டாங்க.

1978ல் கொலம்பியாவோட பொகோட்டா நகரம். ஏழைகள் வர்ற அரசு ஆஸ்பத்திரி. இன்குபேட்டர் பத்தல. ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு மூணு குழந்தைகள். எட்கர் ரே என்ற டாக்டர், குழந்தையைத் தாயோட வெறும் மார்புல, தோலோட தோல் ஒட்டுற மாதிரி கட்டி வச்சார். அடுத்த வருஷம் எக்டர் மார்ட்டினெஸ் சேர்ந்துக்கிட்டார். கங்காரு பராமரிப்புன்னு பேராச்சு. பணம் இல்லாத ஊரோட மாற்று வழின்னுதான் ரொம்ப நாள் எல்லாரும் நினைச்சாங்க.

அது மாற்று வழியே இல்ல, அதுதான் முதல் வழின்னு நிரூபிச்ச ஆய்வு 2021ல் வந்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, அப்புறம் நம்ம டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவுல இருந்து 1.8 கிலோவுக்குள்ள இருக்குற 3211 குழந்தைகள். வழக்கமா நாங்க என்ன செய்வோம்? குழந்தை நிலையான பிறகுதான் கங்காரு. இதுல பிறந்த உடனேயே ஆரம்பிச்சாங்க. தாயையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே படுக்க வச்சாங்க. முதல் 28 நாள்ல இறப்பு, வழக்கமான முறையில 15.7 சதவீதம். இதுல 12 சதவீதம். நூத்துல கிட்டத்தட்ட நாலு குழந்தை அதிகமா பிழைச்சிருக்கு. 2022ல் உலக சுகாதார நிறுவனமும் உடனே ஆரம்பிங்கன்னு சொல்லிடுச்சு.

ஒண்ணை ஒத்துக்கணும். நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, ஒரு இடத்துல, பால் கொடுக்குற நேரம் தவிர தாய்மார்களை உள்ளே விடமாட்டோம். அப்பாக்களைப் பத்திப் பேச்சே இல்ல. "வெளிய நில்லுங்க, டாக்டர் ரவுண்ட்ஸ் போறார்"னு விரட்டினது நானேதான். ஒரு நாள் ஒரு அம்மா கேட்டாங்க, "நான் பெத்த புள்ளைக்கு நான்தான் கிருமியா சார்?" பதில் சொல்லத் தெரியாம வார்டுக்குள்ள போயிட்டேன். அந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நான் பிறக்கறதுக்கு முன்னாடியே வந்ததுன்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் மாத்தியிருப்பேனான்னும் தெரியல.

இப்ப இதைப் படிக்கிற யாராவது ஒருத்தரோட குழந்தை உள்ளே இருக்கலாம். உங்களுக்காகக் கொஞ்சம்.

முதல் நாலஞ்சு நாள் எடை குறையும். குறைமாதக் குழந்தைக்கு பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் வரைக்கும் போகலாம். பயப்படாதீங்க. ரெண்டு வாரத்துல பிறந்த எடைக்கு வந்துடும். அதுக்கப்புறம் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 கிராம் வாக்குல ஏறுதான்னு கேளுங்க. "நல்லா இருக்கா?"ன்னு கேட்டா "இருக்கு"ன்னுதான் பதில் வரும். "இன்னிக்கு எடை என்ன? பால் எத்தனை மில்லி போகுது? ஆக்சிஜன் குறைச்சிருக்கீங்களா?" இப்படிக் கேளுங்க. பால் குழாய்ல இருந்து பாலாடைக்கு மாறுறது பெரிய முன்னேற்றம். (நம்ம பாட்டிங்க வச்சிருந்த அதே பாலாடைதான். உலக மருத்துவ இதழ்கள்லயும் அதை 'பாலாடை'ன்னேதான் எழுதுறாங்க.)

திடீர்னு மூச்சு விட மறக்கும். மூளை இன்னும் முதிரல, அவ்வளவுதான். அதுக்குக் கொடுக்குற மருந்து, நீங்க காலையில குடிக்கிற காபியில இருக்குற அதே காஃபின். ரெண்டு நாள் நல்லா இருந்து மூணாவது நாள் மறுபடி சிபேப் வைப்பாங்க. ஏணிப்படி மாதிரி நேரா மேல போகாது, கேஸ் அப்படித்தான் இருக்கும்.

34 வாரத்துக்கு முன்னாடியோ ரெண்டு கிலோவுக்குக் கீழயோ பிறந்திருந்தா, ஒரு மாசம் முடியறதுக்குள்ள கண் பரிசோதனை கட்டாயம். ரொம்பச் சின்னக் குழந்தைன்னா இன்னும் சீக்கிரம். டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்துல இந்தத் தேதியை விட்டுடறவங்கதான் அதிகம். அந்த பத்தாயிரம் குழந்தைகளை ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, அந்த பெஞ்சுக்காரர்.

அவர் பிள்ளைக்கு மூணு நாள் சிபேப். நாலாவது நாள் எடுத்தாச்சு. இன்னிக்கு எடை 1.640. பிறந்த எடையை விட இன்னும் 60 கிராம் கம்மி. அம்மாவுக்கு சிசேரியன் தையல் வலி, ரொம்ப நேரம் உட்கார முடியல. அதனால நர்ஸ் அக்கா அவரைக் கூப்பிட்டு, "நீங்க வாங்க, சட்டையைக் கழட்டிட்டு இந்த நாற்காலியில சாஞ்சு உட்காருங்க"ன்னாங்க. மனுஷன் கதவுகிட்டயே நின்னுட்டார். என்னைத் தனியா கூப்பிட்டு மெதுவா கேட்டார்.

"சார், எனக்கு நெஞ்செல்லாம் முடி சார். புள்ளைக்குக் குத்தாதா?"

குத்தாதுன்னு சொன்னேன். குளிச்சிட்டு வரணும், சென்ட் கிண்ட் போடக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் கழிச்சுப் போய்ப் பாத்தப்ப ரெண்டு பேருமே தூங்கிட்டிருந்தாங்க. நர்ஸ் அக்கா அவரை எழுப்பி, "நீங்க தூங்கக்கூடாதுங்க, அவன் மட்டும்தான் தூங்கணும்"னு திட்டிக்கிட்டிருந்தாங்க.